சர்வரில் எந்த டிஸ்க் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்து சரியான டிஸ்கை மட்டும் உருவ வேண்டியவர்களுக்காக இந்தப் பக்கம். கூடவே, சர்வர் வன்பொருளில் பலரும் முட்டிக்கொண்ட சில சிக்கல்களையும் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் லினக்ஸை மனத்தில் வைத்து எழுதியது. மற்றவை வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

லாகில் "எஸ்டிசி, ரீட் எரர்" என்று வருகிறது. மூன்றாவது ஸ்லாட்டில் இருப்பதைத்தானே மாற்ற வேண்டும்?

வேண்டாம், கையை எடுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்குகளைக் கண்ட வரிசையில் வைத்த பெயர்கள். முதலில் பதில் சொன்னது எஸ்டிஏ, அவ்வளவுதான். ரீபூட் செய்தாலோ, யுஎஸ்பி டிரைவ் ஒன்று செருகியிருந்தாலோ, இன்னொரு கண்ட்ரோலர் கார்டு சேர்ந்தாலோ வரிசை மாறலாம். ஓடும்போதே ஒரு டிஸ்க் இணைப்பு விட்டு மறுபடி வந்தால், நேற்று எஸ்டிசி-யாக இருந்தது இன்று எஸ்டிஎம் ஆகியிருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கெட்ட இரவில். 12 ஸ்லாட் சர்வர், அதில் 8 டிஸ்கில் ரெய்டு-5. ரெய்டு என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி வைக்கும் முறை. எஸ்டிசி பழுது என்று செய்தி வந்தது. இடமிருந்து எண்ணி மூன்றாவது ட்ரேயின் பிடியைத் திறந்து இரண்டு விரற்கடை இழுத்தேன். கையில் ஓர் அதிர்வு, பம்பரம் தலைசாயும்போது வருவதுபோல. நல்லபடியாகச் சுழன்றுகொண்டிருந்த டிஸ்க் அது. பழுதானது நாலு ஸ்லாட் தள்ளி இருந்தது. ரெய்டு-5 ஒரே ஒரு டிஸ்க் போனால் மட்டுமே தாங்கும். இரண்டாவதும் விலகியதும் மொத்த வால்யூமும் விழுந்துவிட்டது. பேக்கப் இருந்தது, திரும்ப ஏற்ற இரண்டு நாள் பிடித்தது. அன்றிலிருந்து சீரியல் எண்ணைப் பார்க்காமல் எந்த ட்ரேயையும் தொடுவதில்லை.

அப்படியென்றால் டிஸ்கின் நிஜப் பெயர் எது?

சீரியல் எண். அதற்கு அடுத்தபடி டபிள்யூடபிள்யூஎன் என்ற உலகளாவிய எண். இரண்டும் தொழிற்சாலையிலேயே டிஸ்குக்குள் எழுதப்படுபவை. எந்த ஸ்லாட்டில் போட்டாலும், எந்த சர்வருக்கு மாற்றினாலும் கூடவே வரும். லினக்ஸில் "டெவ்" அடைவுக்குள் "டிஸ்க்" என்ற அடைவைத் திறந்தால் "பை-ஐடி" என்று ஒன்று இருக்கும். அங்கே உள்ள பெயர்களில் மாடலும் சீரியலும் சேர்ந்தே இருக்கும், ஒவ்வொன்றும் அப்போதைய எஸ்டி பெயரைச் சுட்டும். ரெய்டோ, பல டிஸ்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் இசட்எஃப்எஸ் பூலோ அமைக்கும்போது இந்தப் பெயர்களையே கொடுத்துவிடுங்கள். பழுது வரும் நாளில் பூலின் நிலை அறிக்கையிலேயே சீரியல் தெரியும், தேடி அலைய வேண்டியதில்லை.

டபிள்யூடபிள்யூஎன்-இன் முதல் எழுத்துகளைப் பார்த்தே தயாரிப்பாளரை ஊகிக்கலாம். 5000சி5 என்று தொடங்கினால் சீகேட். 5000சிசிஏ என்றால் எச்ஜிஎஸ்டி. 50014இஇ என்றால் வெஸ்டர்ன் டிஜிட்டல்.

திரையில் வரும் எண்ணும் லேபிளில் அச்சிட்ட எண்ணும் ஒத்துப்போகவில்லையே?

பதற வேண்டாம், பெரும்பாலும் அதே டிஸ்க்தான். சீகேட்டின் எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்குகள் மென்பொருளிடம் நீளமான சீரியலைச் சொல்லும், லேபிளில் அதன் முதல் 8 எழுத்துகள் மட்டும் இருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் சாட்டா (சாதாரணக் கணினிகளிலும் உள்ள இணைப்பு வகை) டிஸ்குகள் "டபிள்யூடி" என்ற முன்னொட்டையும் ஒரு சிறு கோட்டையும் சேர்த்துச் சொல்லும், லேபிளில் அது இருக்காது.

டபிள்யூடபிள்யூஎன் விஷயம் கொஞ்சம் சூட்சுமமானது. எஸ்ஏஎஸ் டிஸ்குக்கு இரண்டு போர்ட் உண்டு. டிஸ்குக்கு ஒரு எண், போர்ட் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மூன்றும் பொதுவாகக் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும். கண்ட்ரோலர் காட்டுவது போர்ட்டின் எண்ணாகவும் லேபிளில் இருப்பது டிஸ்கின் எண்ணாகவும் இருக்கலாம். கடைசி இலக்கம் ஒன்றிரண்டு தள்ளியிருந்தால் காரணம் இதுதான். ஆனால் இதை நம்பி டிஸ்கை உருவாதீர்கள். சீரியலும் ஒத்துப்போகட்டும்.

சீரியல் எண்ணை எப்படி எடுப்பது?

நேரடியாக இணைந்த டிஸ்க் என்றால் எல்எஸ்பிஎல்கே கட்டளையிடம் நேம், சீரியல், டபிள்யூடபிள்யூஎன், எச்சிடிஎல் என்ற நான்கு பத்திகளைக் கேளுங்கள், ஒரே பார்வையில் எல்லாம் வந்துவிடும். ஒரு டிஸ்கை மட்டும் விசாரிக்க ஸ்மார்ட்சிடிஎல் போதும்.

ரெய்டு கண்ட்ரோலர் நடுவில் இருந்தால் கதை வேறு. அது 8 டிஸ்குகளைச் சேர்த்து ஒற்றை டிஸ்காகக் காட்டும். அந்த டிஸ்கிடம் சீரியல் கேட்டால் கண்ட்ரோலர் தானாக வைத்த எண்தான் கிடைக்கும், எந்த ட்ரேயிலும் அது இருக்காது. எல்எஸ்ஐ வழிவந்த மெகாரெய்டு கார்டுகளுக்கு ஸ்டோர்சிஎல்ஐ, டெல்லின் பெர்க் கார்டுகளுக்கு பெர்க்சிஎல்ஐ, எச்பிஇ ஸ்மார்ட் அரேக்கு எஸ்எஸ்ஏசிஎல்ஐ என்று தனித்தனிக் கருவிகள் உண்டு. ஸ்மார்ட்சிடிஎல்-லும் கண்ட்ரோலரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கும். சாதன வகையாக மெகாரெய்டு என்றோ, பழைய ஸ்மார்ட் அரே என்றால் சிசிஐஎஸ்எஸ் என்றோ கொடுத்து, கூடவே டிஸ்க் எண்ணையும் தர வேண்டும்.

ட்ரேயை வெளியே இழுக்காமல் லேபிளைப் பார்க்க முடியாதே. விளக்கை எரிய வைப்பது எப்படி?

மேலே சொன்ன ரெய்டு கருவிகள் எல்லாவற்றிலும் அதற்கொரு கட்டளை உண்டு. ஸ்டோர்சிஎல்ஐ-யில் "ஸ்டார்ட் லொகேட்". ரெய்டு செய்யாமல் டிஸ்குகளை அப்படியே காட்டும் எச்பிஏ கார்டும், டிஸ்குகள் செருகும் பலகையான பேக்பிளேன் நல்லதாகவும் இருந்தால் லெட்சிடிஎல் என்ற சிறு நிரல் போதும், எஸ்டி பெயரைக் கொடுத்தாலே அந்த ட்ரேயில் விளக்கு மின்னும். பேக்பிளேன், பெட்டியின் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் எஸ்இஎஸ் முறையில் பேசுமானால் "சிஸ்" அடைவில் "கிளாஸ்", அதில் "என்க்ளோஷர்" என்று போனால் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஓர் அடைவு இருக்கும். அதிலுள்ள "லொகேட்" கோப்பில் 1 என்று எழுதினால் விளக்கு எரியும், 0 எழுதினால் அணையும். வேலை முடிந்ததும் அணைக்க மறந்துவிடாதீர்கள். மறந்துபோன விளக்கு அடுத்து வருபவரைத் தவறான ட்ரேக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

டிஸ்க் அடியோடு செத்துவிட்டது. சீரியலும் வரவில்லை, விளக்கும் எரியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, நியாயமான பயமும்கூட. பதில் எளிது: செத்ததைத் தேடாதீர்கள், உயிரோடு இருப்பவற்றை எல்லாம் எண்ணிக் கழியுங்கள்.

முதல் வழி, பதில் சொல்லும் டிஸ்குகள் அத்தனைக்கும் லொகேட் விளக்கை எரியவிடுவது. விளக்கு எரியாமல் நிற்கும் ட்ரேதான் நீங்கள் தேடுவது. காலி ஸ்லாட்டும் எரியாது, அதனால் ட்ரேயில் டிஸ்க் இருக்கிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள்.

லொகேட் விளக்கே இல்லாத பழைய பெட்டி என்றால் பச்சை நிற ஆக்டிவிட்டி விளக்கைப் பயன்படுத்துங்கள். டிடி கட்டளையில் ஒரு நல்ல டிஸ்கை உள்ளீடாகவும் "நல்"-ஐ வெளியீடாகவும் கொடுத்து வாசிக்கவிடுங்கள். அந்த ட்ரேயின் விளக்கு இடைவிடாமல் துடிக்கும். ஐந்து வினாடி ஓடவிட்டு நிறுத்துங்கள், மறுபடி ஓடவிடுங்கள். மூன்று முறை துடித்து மூன்று முறை ஓய்ந்தால் அது தற்செயல் இல்லை. ஸ்லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த டிஸ்குக்குப் போங்கள். சரி, ஒரு எச்சரிக்கை: உள்ளீட்டையும் வெளியீட்டையும் மாற்றித் தட்டிவிட்டால் டிஸ்க் அழிந்துபோகும். என்டர் தட்டும் முன் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய பதிவேடு இருந்தால் இந்தச் சிரமம் எதுவும் வேண்டாம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கண்ட்ரோலர் "ஸ்லாட் 4" என்கிறது. அது நாலாவதா, ஐந்தாவதா?

பெட்டியைப் பொறுத்தது. டெல் சர்வர்களில் எண்ணிக்கை 0-இல் தொடங்கும், எச்பிஇ-யில் 1-இல். எச்பிஇ-யில் முகவரி மூன்று துண்டாக வரும்: போர்ட், பாக்ஸ், பே. 1ஐ:1:4 என்றால் முதல் பாக்ஸில் 4 என்று அச்சிட்ட பே. டிஸ்குகளை மட்டும் அடுக்கி வெளியே தனியாக வைக்கும் ஜேபாட் பெட்டிகளில் பேக்பிளேன் ஒரு கணக்கு வைத்திருக்கும், முகப்பில் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னொரு கணக்கு சொல்லும். புதுப் பெட்டி வந்ததும் ஒரு ஸ்லாட்டின் விளக்கை எரியவிட்டு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

12 டிஸ்க்தான் போட்டேன். 24 தெரிகிறதே?

இரண்டு பாதைகள் வழியே ஒரே டிஸ்க் தெரிகிறது. எஸ்ஏஎஸ் டிஸ்கின் இரு போர்ட்டுகளும் இரு கண்ட்ரோலர்களோடோ இரு கேபிள்களோடோ இணைந்திருக்கும். சீரியலை ஒப்பிட்டால் ஜோடி ஜோடியாக வரும். இரு பாதைகளையும் ஒன்றாக்கிக் காட்டும் மல்ட்டிபாத்தை இயக்கி, அது தரும் ஒற்றைப் பெயரை மட்டும் பயன்படுத்துங்கள்.

என்விஎம்இ (பிசிஐ வழியே இணையும் எஸ்எஸ்டி) டிஸ்குகளுக்கும் இதே முறைதானா?

சீரியல்தான் பெயர் என்பது இங்கேயும் மாறாது. என்விஎம்இ லிஸ்ட் கட்டளை சீரியலைக் காட்டிவிடும். ஸ்லாட்டைக் கண்டுபிடிக்க அந்த டிஸ்கின் பிசிஐ முகவரியைப் பார்க்க வேண்டும். மல்ட்டிபாத் இயங்கும் கர்னலில் என்விஎம்இ0என்1 என்பது என்விஎம்இ0 கண்ட்ரோலரைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த இரு எண்களும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளத்தில் சி5டி0டி0 என்று வருவதை வைத்து இடத்தைச் சொல்லலாமா?

பெட்டியின் வரைபடம் கையில் இருந்தால் சொல்லலாம். சி5 என்றால் 5 என்ற எண்ணுள்ள கண்ட்ரோலர், அடுத்து வரும் டி0 அதிலுள்ள டிஸ்கின் எண். சன் ஃபயர் எக்ஸ்4500 நல்ல உதாரணம். 2006-இல் வந்தது, தம்பர் என்றே கூப்பிடுவார்கள். மேல்மூடியைத் திறந்தால் 48 சாட்டா டிஸ்குகள் செங்குத்தாக நிற்கும். ஆறு கண்ட்ரோலர், ஒவ்வொன்றுக்கும் எட்டு. ஆனால் கண்ட்ரோலர் எண்கள் 0, 1, 4, 5, 6, 7 என்று தாண்டித் தாண்டிப் போகும். ஸ்லாட் 0-இல் சி5டி0, பக்கத்து ஸ்லாட் 1-இல் சி5டி4, அதற்கடுத்து சி4டி0. பூட் ஆகக்கூடியவை முதல் இரண்டு ஸ்லாட்டுகள் மட்டும். பெயரைப் பார்த்து வரிசையாக எண்ணினால் நிச்சயம் தவறும். இதற்காகவே சன் தந்த எச்டி என்ற சிறு நிரல் 48 இடங்களையும் கட்டம் போட்டுக் காட்டும். உருவும் முன் சிஎஃப்ஜிஏடிஎம் கட்டளையால் டிஸ்கை அன்கான்ஃபிகர் செய்தால் அந்த டிஸ்குக்கு நேரே நீல விளக்கு எரியும். நீலம் வந்த பிறகே கை வையுங்கள். எச்பிஇ-யின் ஜென்8 காலத்து ட்ரேக்களில் இதற்கு நேர்மாறான விளக்கு உண்டு. "எடுக்காதே" என்ற குறி எரிந்தால், அந்த டிஸ்கை எடுத்தால், டிஸ்குகள் சேர்ந்து உருவான லாஜிக்கல் டிரைவே விழும் என்று பொருள். எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஃபர்ம்வேர் (டிஸ்குக்குள்ளேயே இருக்கும் நிரல்) பிழையால் டிஸ்குகள் ஒட்டுமொத்தமாகச் சாகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2019 நவம்பரில் எச்பிஇ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி-கள், எச்பிடி8 என்ற பதிப்புக்கு முந்தைய ஃபர்ம்வேரில் இருந்தால், 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். அதன் பிறகு டிஸ்கையும் மீட்க முடியாது, தரவையும் மீட்க முடியாது. 32,768 என்பது இரண்டின் 15-ஆம் அடுக்கு. 16 பிட்டில் குறி சேர்த்து எண்ணும் எண்ணி நிரம்பி வழியும் இடம். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததுமே வயிறு கலங்கும். 2020 மார்ச்சில் இன்னோர் அறிவிப்பு வந்தது. வேறு சில மாடல்களில் 40,000 மணி நேரம், தீர்வு எச்பிடி7. அதே வகைப் பிழைக்கு டெல்லும் ஃபர்ம்வேர் வெளியிட்டது.

இதில் பயங்கரம் எங்கே இருக்கிறது என்றால், ஒரு சர்வரின் டிஸ்குகளை ஒரே நாளில் போட்டு ஒரே நாளில் மின்சாரம் கொடுத்திருப்போம். அவற்றின் மணிக்கணக்கு ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே அந்த எண்ணைத் தொடும். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு-6 போட்டாலும், மூன்று டிஸ்க் ஒரே மணி நேரத்தில் போனால் என்ன செய்யும்? தனித்தனியாக விழும் டிஸ்குகளைத் தாங்கத்தான் ரெய்டு. ஆகவே ஒவ்வொரு டிஸ்கின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, ஓடிய மணி நேரம் மூன்றையும் எடுத்து, தயாரிப்பாளரின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது இந்த வாரமே நடக்கட்டும்.

இது புதிதும் இல்லை. 2009 ஜனவரியில் சீகேட்டின் பாரகுடா 7200.11 டிஸ்குகள் மின்சாரம் போய் வந்ததும் பயாஸுக்கே தெரியாமல் மறைந்தன. சர்வர்களில் போட்ட இஎஸ்.2 வரிசையும் அந்தப் பட்டியலில் இருந்தது. தரவு தட்டில் அப்படியே இருந்தது, எட்ட வழியில்லை. 2011-இல் இன்டெல் 320 எஸ்எஸ்டி-யில் வந்த பிழை இன்னும் விசித்திரம். திடீர் மின்தடைக்குப் பின் டிஸ்க் தன் கொள்ளளவை 8 எம்பி என்று சொல்லும், சீரியல் எண்ணுக்குப் பதிலாகப் பிழைக் குறியீடு ஒன்றைத் தரும். டிஸ்க் சொல்லும் பெயரே மாறிவிடும் அபூர்வ நிலை. அங்கே லேபிளும் உங்கள் பதிவேடும்தான் துணை.

4 டிபி டிஸ்க் 2.2 டிபி என்று தெரிகிறது. போலியா?

இல்லை, கண்ட்ரோலர் பழையது. எல்எஸ்ஐ-யின் 1068இ போன்ற சிப்புகளால் 32 பிட் முகவரிக்கு மேல் எண்ண முடியாது. 512 பைட் செக்டாரில் அது 2.2 டிபி. கார்டை மாற்றுவதுதான் வழி.

ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க், சர்வரில் 0 பைட் என்கிறது.

அது 520 பைட் செக்டாரில் ஃபார்மேட் ஆகியிருக்கும். பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகள் ஒவ்வொரு செக்டாரிலும் 8 பைட் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளும். எஸ்ஜி-ஃபார்மேட் கருவியால் 512-க்கு மாற்றலாம், தரவு முழுக்கப் போய்விடும். பெரிய டிஸ்குக்குப் பல மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் டிஸ்க் அரைகுறை நிலையில் மாட்டிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து ஃபார்மேட் செய்ய வேண்டியதுதான்.

புது சாட்டா டிஸ்க் பழைய பெட்டியில் சுழலவே இல்லை. வேறிடத்தில் ஓடுகிறது.

மின் இணைப்பின் மூன்றாவது முள்ளைப் பாருங்கள். முன்பு அதில் 3.3 வோல்ட் வரும். சாட்டா 3.3 தரத்தில் அதே முள்ளுக்கு, டிஸ்கை அணைத்து வைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். பழைய பேக்பிளேன் வழக்கம்போல 3.3 வோல்ட் கொடுக்க, டிஸ்க் அதை "அணைந்தே இரு" என்று புரிந்துகொள்கிறது. அந்த முள்ளின் மேல் மெல்லிய கேப்டன் டேப் ஒட்டினால் ஓடும். சோதனைப் பெட்டிக்கு அது போதும். முக்கியமான சர்வர் என்றால் பொருந்தும் டிஸ்கையே வாங்குங்கள்.

ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் அறிக்கை) எந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்?

சாட்டா டிஸ்கில் 5, 197, 198 மூன்றையும். மாற்றி வைக்கப்பட்ட செக்டார்கள், முடிவுக்குக் காத்திருப்பவை, படிக்கவே முடியாதவை. 197 ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். 199 ஏறினால் மட்டும் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள். கேபிளிலோ பேக்பிளேனிலோ வரும் தொடர்புப் பிழை அது. நல்ல டிஸ்குகளை இந்த எண்ணுக்காக மாற்றிக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்ஏஎஸ் டிஸ்கில் இந்த எண் வரிசை இருக்காது. அங்கே "குரோன் டிஃபெக்ட்" (பயன்பாட்டில் சேர்ந்த பழுதுகள்) பட்டியலின் அளவையும், சரிசெய்ய முடியாத பிழைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தும் ரெய்டு அதை அடிக்கடி வெளியே தள்ளுகிறது. ஏன்?

வீட்டுக் கணினிக்கான டிஸ்கா என்று பாருங்கள். அது ஒரு மோசமான செக்டாரைப் படிக்க நிமிடக் கணக்கில்கூட முயலும். லினக்ஸ் இயல்பாக 30 வினாடிதான் பொறுக்கும், பிறகு டிஸ்க் தொங்கிவிட்டது என்று ரீசெட் செய்யும். சர்வர் டிஸ்குகள் ஏழு வினாடியில் கைவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும், ரெய்டு மற்ற டிஸ்குகளிலிருந்து தரவை எடுத்துக்கொள்ளும். ஸ்மார்ட்சிடிஎல்-லில், டிஸ்க் எப்போது கைவிட வேண்டும் என்று சொல்லும் எஸ்சிடி-இஆர்சி மதிப்பை 70 (அலகு 0.1 வினாடி) என வைத்தால் அதே ஏழு வினாடி. பல டிஸ்குகள் மின்சாரம் போனதும் இதை மறந்துவிடும், அதனால் ஒவ்வொரு பூட்டிலும் அமைக்க வேண்டும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்காக இருந்தாலும், ரீபில்டின்போது (புது டிஸ்கில் தரவை மறுபடி நிரப்பும்போது) தொடர் எழுத்தைத் தாங்காமல் திணறும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது.

தவறான டிஸ்கை உருவிவிட்டேன். இப்போது?

முதலில் வால்யூமில் எழுதுவதை நிறுத்துங்கள். டிஸ்கை அதே ஸ்லாட்டில் திரும்பச் செருகுங்கள். இசட்எஃப்எஸ் என்றால் பெரும்பாலும் அதுவே பிடித்துக்கொண்டு விட்டுப்போனதை மட்டும் எழுதிக்கொள்ளும். லினக்ஸின் மென்பொருள் ரெய்டுக் கருவியான எம்டிஅட்மின் என்றால் "அசெம்பிள்", தேவைப்பட்டால் "ஃபோர்ஸ்". எந்தக் காரணத்துக்காகவும் "கிரியேட்" கொடுக்காதீர்கள், அது டிஸ்குகளின் தலைப்புத் தகவலைப் புதிதாக எழுதிவிடும். வன்பொருள் ரெய்டில் திரும்பச் செருகிய டிஸ்க் "ஃபாரின்" என்று வரக்கூடும். "இம்போர்ட்", "கிளியர்" என்று இரண்டு வாய்ப்புத் தரும். அன்று பதற்றத்தில் நான் அழுத்தியது "கிளியர்". அந்த டிஸ்கிலிருந்த ரெய்டு அமைப்புத் தகவல் அதோடு அழிந்தது. இரண்டு நாள் வேலை பிறந்தது டிஸ்கை உருவியதால் மட்டுமல்ல, அந்த ஒரு பொத்தானாலும்தான். உங்களுக்கு அது நடந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து, இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையை வாசியுங்கள்.

பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஸ்லாட் எண், சீரியல், டபிள்யூடபிள்யூஎன், மாடல், ஃபர்ம்வேர், போட்ட தேதி. எஸ்டி பெயர் வேண்டாம், அது நாளைக்கே பொய்யாகிவிடும். ஒரு நகல் அந்த சர்வருக்கு வெளியே இருக்கட்டும், ஏனென்றால் தேவைப்படும் நேரத்தில் அந்த சர்வர் எழாமல் கிடக்கலாம். அப்புறம் ட்ரேயின் முன்முகப்பில், காற்று போகும் துளைகளை மறைக்காமல், சீரியலின் கடைசி நாலு எழுத்துகளைச் சிறு ஸ்டிக்கரில் ஒட்டுங்கள். நீளமான சீகேட் எஸ்ஏஎஸ் சீரியல் என்றால் முதல் எட்டு எழுத்துகளின் கடைசி நாலு. டிஸ்கை மாற்றும்போது பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுத்தான் புது டிஸ்கை ட்ரேயில் திருக வேண்டும்.